மனசுக்குள் படிக்கும் வேகமும் வாய்விட்டுப் படிக்கும் வேகமும்: தமிழுக்கு எப்படி அளப்பது?

#1 கோத்தகிரி வாசகசாலை

அனைவருக்கும் வணக்கம். ஊர் வாசகசாலையில் இரண்டு வேலைகள் தொடங்க இருக்கிறோம். ஒன்று, பார்வை இல்லாதவர்களுக்காக 200 பக்க நாவல் ஒன்றை ஒலிப்பதிவு செய்வது. இன்னொன்று, மாதாந்திர வாசிப்புக் கூட்டம். இரண்டுக்கும் ஒரே கணக்குதான் தேவை: ஒரு புத்தகத்தை மனசுக்குள் படிக்க எவ்வளவு நேரம், வாய்விட்டுப் படிக்க எவ்வளவு நேரம்?

தேடினால் கிடைப்பதெல்லாம் ஆங்கிலக் கணக்கு. நிமிடத்துக்கு மௌனமாக 238 சொல், வாய்விட்டு 184 சொல். இதைத் தமிழுக்கு அப்படியே வைத்துக்கொள்ளலாமா? இல்லையென்றால் நாமே அளப்பது எப்படி? 18 வயதிலிருந்து 60 வயது வரை 20 பேர் வரச் சம்மதித்திருக்கிறார்கள். கையில் இருப்பது போன் ஸ்டாப்வாட்ச், ஒரு பிரிண்டர், அவ்வளவுதான்.

#2 எழுத்தெண்ணி

ஐயா, முதலில் ஒரு திருத்தம். நீங்கள் சொல்லும் இரண்டு எண்களும் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள்.

238 என்பது பெல்ஜியத்து மார்க் பிரிஸ்பேர்ட் 2019-ல் வெளியிட்டது. ஆங்கில மௌன வாசிப்பு பற்றிய 190 ஆய்வுகளைத் திரட்டி எடுத்த சராசரி. கட்டுரை வகைக்கு 238, கதைக்கு 260. வாய்விட்டுப் படிக்க அதே கட்டுரையில் அவர் தருவது 183, 184 இல்லை.

184 வருவது 2012-ல் ஜெர்மனியில் இருந்து வந்த வேறொரு ஆய்வில். ஒரே பத்திகளை 17 மொழிகளில் பெயர்த்து, 18 முதல் 35 வயதுக்காரர்களை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார்கள். அந்த 17 மொழிகளின் பொதுச் சராசரிதான் 184. அதில் ஆங்கிலம் மட்டும் 228. பின்னிஷ் 161, துருக்கி 166, அரபு 138. இந்திய மொழி ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை.

நமக்கு வேண்டியது அந்தப் பின்னிஷ், துருக்கி வரிசைதான். இரண்டும் நம்மைப் போல விகுதிக்கு மேல் விகுதி ஒட்டிச் சொல்லை நீட்டுகிற மொழிகள். ஆங்கிலத்தைவிட நிமிடத்துக்கு அறுபது சொல் குறைவு என்றால் அவர்கள் மந்தமானவர்கள் என்று பொருளா? ஒரு சொல்லுக்குள் அடைத்திருக்கும் சரக்கு கூடுதல். ஆகவே சொல்லை எண்ணும் பழக்கத்தை முதலில் விட்டுவிடுங்கள்.

உதாரணம் பாருங்கள்:

"மழை விட்டதும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனவர்கள் மத்தியானத்துக்குள் திரும்பிவிட்டார்கள்."

தமிழில் 8 சொல். இதையே ஆங்கிலத்தில் சொன்னால் 13, 14 ஆகிவிடும். அதோடு தமிழுக்குள்ளேயே ஒரு தகராறு: "திரும்பி விட்டார்கள்" என்று பிரித்து அச்சடித்தால் 9 சொல். படிப்பவரின் கண்ணும் வாயும் ஒரு மாற்றமும் காணவில்லை, வேகம் மட்டும் எட்டில் ஒரு பங்கு கூடிவிட்டது! பதிப்பகத்துக்குப் பதிப்பகம் பிரித்தெழுதும் வழக்கம் மாறுகிற மொழியில் சொல் கணக்கு இப்படித்தான் காலை வாரும்.

#3 பந்தலூர் டீச்சர்

எழுத்தெண்ணி சார் சொன்னதைப் பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்தும் பார்க்கலாம். சின்ன வகுப்புப் பிள்ளைகளின் படிப்புக்காக ஒன்றிய அரசின் நிபுண் பாரத் திட்டம் 2021-ல் வந்தபோது மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொல், பொருள் புரிந்து, என்று இலக்கு வைத்தார்கள். இந்திக்கும் 60, தமிழுக்கும் 60 என்றால் தமிழ்ப் பிள்ளை ஒரே நிமிடத்தில் கூடுதல் எழுத்தைத் தாண்ட வேண்டியிருக்கிறது. "வீட்டில்" என்று நாம் ஒரு சொல்லாக எழுதுவது இந்தியில் இரண்டு சொல்.

இன்னொன்று. மேலே சொன்ன எண்கள் எல்லாம் பெரியவர்களுடையவை. எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலையில் உள்ள பிள்ளைக்கு மௌன வாசிப்பு என்று தனியாக ஒன்று கிடையாது. உதடு அசையும், முணுமுணுப்பு கேட்கும், இரண்டு வேகமும் ஒன்றுதான். சொல்லைப் பார்த்த மாத்திரத்தில் முழுசாக அடையாளம் காணும் பழக்கம் வந்த பிறகுதான் மௌனம் முந்தும். எனவே இந்த அளவையில் சிறுவர்களைப் பெரியவர்களோடு கலக்காதீர்கள்.

சொல்லை எண்ணக் கூடாது என்றால் எதை எண்ணுவது? எழுத்தையா?

#4 எழுத்தெண்ணி

எழுத்து என்றால் எது என்பதில்தான் சிக்கல், டீச்சர். கம்ப்யூட்டர் காட்டும் கேரக்டர் கணக்கு நம் எழுத்துக் கணக்கு இல்லை. யூனிகோடில் "க" ஒன்று, "க்" இரண்டு, "கொ" இரண்டு. பழைய கோப்புகளில் கொம்பும் காலும் பிரிந்து கிடந்தால் "கொ" மூன்றாகவும் வரும். வேர்டு சொல்லும் எண்ணை நம்பினால் மெய்யெழுத்து நிறைந்த பத்தி வீணாகப் பெருத்துத் தெரியும்.

எளிய வழி, புள்ளி வைத்த எழுத்தை எல்லாம் விட்டுவிட்டு மிச்சத்தை எண்ணுவது. ஒவ்வொரு புள்ளியில்லா எழுத்திலும் ஓர் உயிரொலி இருக்கிறது, அதாவது வாய் ஒரு முறை திறந்து மூடுகிறது. மேலே உள்ள வாக்கியத்தில் மொத்தம் 46 எழுத்து, அதில் புள்ளி வைத்தவை 16, மிச்சம் 30. "திரும்பி விட்டார்கள்" என்று பிரித்தாலும் அதே 30. (இதை அசை என்று சொல்லாதீர்கள். யாப்புக்காரர்கள் நேரசை, நிரையசை என்று சண்டைக்கு வந்துவிடுவார்கள். அது வேறு கணக்கு.)

கம்ப்யூட்டரில் எண்ண: ரெகுலர் எக்ஸ்பிரஷன் தேடல் (ஒரே சொல்லாக இல்லாமல் எழுத்து வரிசையையே கொடுத்துத் தேடும் வசதி) உள்ள எந்த எடிட்டரிலும் சதுர அடைப்புக்குள் அ-ஹ என்று கொடுத்துத் தேடினால் உயிரெழுத்துகளும் மெய்வரிசையும் மட்டும் எண்ணப்படும். கால், கொம்பு, விசிறி எதுவும் கணக்கில் வராது. பிறகு புள்ளியை மட்டும் தனியாகத் தேடி எண்ணுங்கள். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் புள்ளியில்லா எழுத்து. "க்ஷ", "ஸ்ரீ" இரண்டும் இந்த முறையில் ஒவ்வொன்றாகவே வரும். ஆய்தம் அந்த வரிசைக்கு வெளியே நிற்பதால் அதுவும் தொல்லை செய்யாது. ஔகாரம் மட்டும் கவனம்: சிலர் ஒ போட்டு ள சேர்த்துத் தட்டிவிடுவார்கள், ஒன்று கூடிவிடும்.

#5 சும்மா எட்டிப்பார்த்தவன்

மாத்திரை கணக்கு போடலாமே சார்? குறிலுக்கு 1, நெடிலுக்கு 2, மெய்க்கு அரை. கண்ணிமைக்கும் நேரம், கைநொடிக்கும் நேரம் என்று நம்ம ஆட்கள் அப்பவே ஸ்டாப்வாட்ச் வச்சிருந்தாங்களே!

#6 எழுத்தெண்ணி

வாய்விட்டுப் படிப்பதற்கு மாத்திரைதான் பொருத்தம், தம்பி. மறுக்கவில்லை. ஆனால் ஐகாரக்குறுக்கம், குற்றியலுகரம் எல்லாம் பார்த்து 2000 எழுத்துக்கு யார் உட்கார்ந்து எண்ணுவது? தவிர, மனசுக்குள் படிக்கும்போது நெடிலுக்குக் குறிலைவிட இரண்டு மடங்கு நேரம் பிடிப்பதில்லை. இரண்டு வாசிப்பையும் ஒரே கோலால் அளக்கத்தான் இந்த வழி.

#7 கண் பரிசோதகர், குன்னூர்

மௌனம் ஏன் முந்துகிறது என்பதைக் கண் பக்கமிருந்து சொல்கிறேன். அது தெரிந்தால் அளக்கும்போது எங்கே தப்பு வரும் என்பதும் தெரியும்.

கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவும், நிற்கும், தாவும், நிற்கும். ஆங்கிலத்தில் அளந்தவரை ஒரு நிறுத்தம் 200 முதல் 250 மில்லிவிநாடி, ஒரு தாவல் 20 முதல் 35 மில்லிவிநாடி, ஏழிலிருந்து ஒன்பது எழுத்து தூரம். தாவும் நேரத்தில் எதுவும் பதியாது. நன்றாகப் படிப்பவருக்கும் பத்துத் தாவலில் ஒன்றாவது பின்னோக்கிப் போகும். கூர்மையாகத் தெரியும் பரப்பு, கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தால் எவ்வளவோ அவ்வளவுதான், ஏறத்தாழ 2 டிகிரி. அதற்கு வெளியே மங்கல். பதினைந்து, இருபது எழுத்து நீளும் தமிழ்ச் சொல் ஒரு நிறுத்தத்தில் அடங்காது. வேற்றுமையும் காலமும் எதிர்மறையும் சொல்லின் வாலில் தொங்குவதால் வாலையும் பார்த்தே ஆக வேண்டும்.

வாய்விட்டுப் படிக்கும்போது கண் வாயைவிட ஏறத்தாழ அரை விநாடி முன்னால் போகும். ஆங்கிலத்தில் அது இரண்டு சொல் தூரம். அதைவிட முன்னே ஓடினால் பார்த்தது மறந்துவிடும், பின்தங்கினால் வாய் திக்கும். ஆகவே கண் ஒவ்வொரு நிறுத்தத்திலும் சற்றுக் கூடுதலாகக் காத்து நிற்கிறது. வாய்தான் முட்டுக்கட்டை. காரில் மலை ஏறும்போது முன்னால் லாரி போனால் நம் வண்டியின் குதிரைத்திறன் என்ன என்பது கணக்கில் வராது, அதே மாதிரி.

இந்த இடைவெளியை வீட்டிலேயே அளக்கலாம். ஒருவர் சத்தமாகப் படிக்கும்போது வரியின் நடுவில் சட்டென்று போஸ்ட்கார்டால் பக்கத்தை மூடுங்கள். மூடிய பிறகும் அவர் வாய் சில எழுத்து தொடரும். அதை எண்ணுங்கள். ஆறு முறை செய்து முதலாவதைத் தள்ளிவிடுங்கள், அதில் ஆள் திகைத்துப்போவார். ஊகித்துச் சொல்லக்கூடிய இடத்தில் மூடக் கூடாது. "கண்ணை மூடிக்கொண்டு" என்பதில் "கண்ணை"யோடு மூடினால் மிச்சத்தை யாரும் சொல்லிவிடுவார்கள்.

#8 சும்மா எட்டிப்பார்த்தவன்

அக்கா, மனசுக்குள் படிக்கும்போதும் ஒரு குரல் கேட்குதே? அந்தக் குரலை நிறுத்தினா நிமிடத்துக்கு ஆயிரம் சொல் படிக்கலாம்னு யூடியூப்ல வகுப்பே நடத்துறாங்க.

#9 கண் பரிசோதகர், குன்னூர்

அந்த வியாபாரம் 1959-ல் அமெரிக்காவில் ஈவ்லின் வுட் தொடங்கிய வேக வாசிப்பு வகுப்பிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, தம்பி. 2016-ல் கீத் ரேனர் குழுவினர் எல்லா ஆய்வுகளையும் அலசி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். முடிவு: வேகம் கூடினால் புரிதல் குறையும், இரண்டையும் சேர்த்துத் தரும் வித்தை கிடையாது. உள்குரலை வலிந்து நிறுத்தினால் எளிய வாக்கியம் தப்பிக்கும், சிக்கலானது கை நழுவும். "வராமல் இருந்திருக்க மாட்டார்" என்பதைக் குரல் இல்லாமல் படித்து, வந்தாரா வரவில்லையா என்று சொல்லிப் பாருங்கள்.

உள்குரல் வேறு, உதடு அசைவது வேறு. உள்குரலுக்கு மூச்சு வேண்டாம், நாக்கு இடம் மாற வேண்டாம், அதனால் அது வாயைவிட வேகமாக ஓடும். உதடு அசைகிறவருக்கு மௌன வாசிப்பும் வாய் வேகத்திலேயே நின்றுவிடும். அளக்கும்போது யார் உதடு அசைகிறது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய இரண்டு எண்ணும் நெருங்கி வந்தால் காரணம் அங்கேயே கிடைத்துவிடும்.

#10 கொடை ஒலிப்பதிவர்

வாய் பக்கத்து விஷயம் எங்கள் தொழில். பழனி மலையிலிருந்து ஒரு கை.

வாய்விட்டுப் படிக்கும்போது நேரம் தின்பவை நான்கு. நாக்கும் உதடும் நகரும் வேகம் ஒன்று. மூச்சு இன்னொன்று: சில விநாடிக்கு ஒரு முறை இழுத்தே ஆக வேண்டும், நல்ல வாசிப்பாளர் அதை வாக்கிய முடிவில் ஒளித்துவைப்பார். மூன்றாவது நிறுத்தக்குறி. நான்காவது தமிழுக்கே உரியது, முடிவெடுக்கும் நேரம். க, ச, ட, த, ப ஐந்துக்கும் ஒலி பல, எழுத்து ஒன்று. "பலம்" என்று கண்ணில் பட்டால் வலிமையா, பழைய நிறுத்தல் அளவா என்று தெரிந்த பிறகே வாயை எப்படித் திறப்பது என்று முடிவாகும். மனசுக்குள் படிப்பவர் அதைக் குழப்பமாகவே விட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடலாம்.

எண்கள் இன்னும் மோசம். "1978" கண்ணுக்கு நான்கு இலக்கம், ஒரு நொடிப் பார்வை. வாய்க்கு "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு", புள்ளியில்லா எழுத்து மட்டும் 14. இரண்டரை, மூன்று விநாடி போய்விடும். "கி.மீ.", "ரூ.", "மு.ப." எல்லாம் இதே ரகம். எழுத்தெண்ணி சார் சொன்ன தேடலில் இலக்கம் கணக்கிலேயே வராது. அளக்கும் பத்தியில் இலக்கமும் சுருக்கமும் இருக்கவே கூடாது.

செய்தித்தாளை வெட்டி ஒட்டிச் சோதனைத் தாள் தயாரிக்காதீர்கள். குறுகிய பத்தியில் "போய்க்கொண்" என்று ஒரு வரியும் "டிருந்தவர்" என்று அடுத்த வரியும் வரும், இணைப்புக்கோடுகூட இருக்காது. மௌனமாகப் படிப்பவர் தாண்டிவிடுவார், வாய்விட்டுப் படிப்பவர் அங்கே தடுக்கி விழுவார். வித்தியாசம் வாசிப்பில் வரவில்லை, அச்சில் வந்தது.

#11 கோத்தகிரி வாசகசாலை

மிக்க நன்றி. எங்கள் திட்டம் இது: ஒரு பத்தியை முதலில் மனசுக்குள் படிக்கச் சொல்லி நேரம் பார்ப்பது, பிறகு அதே பத்தியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி நேரம் பார்ப்பது. ஒரு நிமிடம் போதுமா?

#12 பந்தலூர் டீச்சர்

இரண்டும் தவறு, ஐயா. மன்னிக்கணும்.

அதே பத்தியை இரண்டாம் முறை படித்தால் யாரும் வேகமாகத்தான் படிப்பார்கள். வித்தியாசம் சுருங்கிப்போகும். பத்தி இரண்டு வேண்டும், அ என்றும் ஆ என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே எழுத்தாளர், ஒரே வகை நடை, புள்ளியில்லா எழுத்து எண்ணிக்கையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. 20 பேரை ஐந்து ஐந்தாக நான்கு குழுவாக்குங்கள். முதல் குழு அ மௌனம், பிறகு ஆ வாய்விட்டு. இரண்டாவது ஆ மௌனம், பிறகு அ வாய்விட்டு. மூன்றாவதும் நான்காவதும் இதையே வாய்விட்டுப் படிப்பதில் தொடங்கி. பத்தி எளிது என்பதாலோ முதலில் படித்த களைப்பாலோ வரும் கோணல் எல்லாம் இதில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். குழுவைச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். நண்பர்களைச் சேர்த்து உட்காரவைத்தால் ஒருவர் தாளைத் திருப்பும் சத்தத்துக்கு மற்றவரும் திருப்புவார்.

ஒரு நிமிடம் போதாது. மௌனமாகப் படிப்பவர் எந்த இடத்தில் நின்றார் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், ஒரு வரி முன்பின் ஆகும். ஒரு வரிக்கு 25 புள்ளியில்லா எழுத்து, வேகம் நிமிடத்துக்கு 400 என்றால் அந்த ஒரு வரிப் பிழை ஒரு நிமிடச் சோதனையில் நூற்றுக்கு ஆறு. மூன்று நிமிடம் வைத்தால் நூற்றுக்கு இரண்டு. மௌனத்துக்கும் வாய்விட்டுப் படிப்பதற்கும் உள்ள இடைவெளியே ஆங்கிலத்தில் முப்பது விழுக்காடுதான். அதை அளக்க ஆறு விழுக்காடு ஆடும் தராசு எதற்கு?

மூன்று நிமிடத்துக்கு 2000 புள்ளியில்லா எழுத்துள்ள பத்தி வேண்டும். வேகமாகப் படிப்பவர் முன்கூட்டியே முடித்துவிட்டால் அவர் அளவு கெட்டுப்போகும். ஏ4 தாளில் 14 புள்ளி எழுத்தில் இரண்டு தாள் வரும். முன்பக்கம் பின்பக்கமாக அச்சிடாமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மணி அடித்ததும் கடைசியாகப் படித்த சொல்லின் பின்னால் பென்சிலால் ஒரு கோடு.

#13 கொடை ஒலிப்பதிவர்

கோடு போடச் சொன்னால் ஆட்கள் கொஞ்சம் தள்ளிப் போடுவார்கள், டீச்சர். பரீட்சை பயம் 60 வயதிலும் போகாது. முழுப் பத்தியையும் கொடுத்து, முடிந்ததும் தாளைக் கவிழ்க்கச் சொல்லி நேரம் குறிப்பதுதான் சுத்தம்.

#14 பந்தலூர் டீச்சர்

தனித்தனியாக உட்காரவைத்து அளப்பதானால் நீங்கள் சொல்வதுதான் சிறந்தது, சார். 20 பேரை ஒரே அறையில் வைத்தால் யார் எப்போது கவிழ்த்தார்கள் என்று ஒரு ஸ்டாப்வாட்சால் பிடிக்க முடியாது. வாய்விட்டுப் படிப்பதை எப்படியும் ஒவ்வொருவராகத்தான் செய்யப்போகிறார்கள், மௌனத்தையும் அப்போதே முடித்துவிடலாம். ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் நீண்ட பத்தி தேவையில்லை, 1200 போதும்.

தள்ளிக் கோடு போடுகிறவரும் மேலோட்டமாக ஓட்டுகிறவரும் எப்படி வைத்தாலும் இருப்பார்கள். அதற்குக் கேள்விதான் வேலி. ஒவ்வொரு பத்திக்கும் ஆறு கேள்வி. தயாரித்த கேள்விகளைப் பத்தியைப் படிக்காத இரண்டு பேரிடம் முதலில் கொடுங்கள். பொது அறிவிலேயே பதில் சொல்லிவிட்டால் அந்தக் கேள்வி ஆகாது. "உதகையில் எந்த மாதம் குளிர் அதிகம்?" என்பதெல்லாம் கேள்வியே இல்லை. ஆறில் நான்குக்குக் குறைந்தவரின் வேகத்தைச் சராசரியில் சேர்க்காதீர்கள், தனியாகக் குறித்து வையுங்கள். கேள்வி இருக்கிறது என்று படிப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். சொன்னால் ஒரு வேகம், சொல்லாவிட்டால் ஒரு வேகம்.

வாய்விட்டுப் படிப்பதில் பிழை எண்ணும் விதிகள்: விட்ட சொல், மாற்றிப் படித்த சொல், மூன்று விநாடி தயங்கி நாம் எடுத்துக்கொடுத்த சொல், இவை மூன்றும் பிழை. தானே திருத்திக்கொண்டால் பிழையில்லை, திருத்த எடுத்த நேரம் மட்டும் கணக்கில் ஏறும். உச்சரிப்பைப் பிழையாக்காதீர்கள். இந்த மலையில் வீட்டில் படுகு பேசுகிறவர், மலையாளம் பேசுகிறவர், கன்னடம் பேசுகிறவர், இருளர், பணியர் எல்லாரும் தமிழ் படிக்கிறார்கள். ழகரமும் றகரமும் அவரவர் வீட்டு வாசனையோடுதான் வரும். "மழை"யை "மளை" என்று படித்தவர் "மழை"யைத்தான் படித்திருக்கிறார். "மலை" என்று பொருள் கொண்டிருந்தால் கேள்வியில் தெரிந்துவிடும்.

இன்னொரு வகை இருக்கிறது. "வந்துகொண்டிருந்தார்கள்" என்று அச்சில் இருப்பதை "வந்துட்டிருந்தாங்க" என்று படித்துவிடுவார்கள். பொருளைச் சரியாகப் பிடித்தவர்தான் இப்படிப் பேச்சுக்கு மாற்றுவார். நாவல் ஒலிப்பதிவுக்கு இது பிழை, வேகம் பார்க்கும் சோதனைக்கு அல்ல. ஆனால் புள்ளியில்லா எழுத்து ஏழிலிருந்து ஆறாகக் குறைந்துவிடுவதால் அவருடைய நேரம் சும்மாவே சுருங்கும். அடிக்கடி இப்படி மாற்றுகிறவரை இன்னொரு பத்தி கொடுத்து, அச்சில் உள்ளபடியே படிக்கச் சொல்லுங்கள்.

#15 சும்மா எட்டிப்பார்த்தவன்

மௌனம்தான் வேகம்னா பரீட்சைக்குப் பசங்க ஏன் கத்திக் கத்திப் படிக்கணும்?

#16 கண் பரிசோதகர், குன்னூர்

கத்திப் படிப்பது நினைவுக்கு. காலின் மெக்லியோட் என்ற கனடாக்காரரும் குழுவும் 2010-ல் காட்டினார்கள்: சில சொற்களை மௌனமாகவும் சிலவற்றை வாய்விட்டும் படித்தால், வாய்விட்டவை பிறகு நன்றாக நினைவில் நிற்கின்றன. வாய் அசைந்தது, காதில் கேட்டது என்று அந்தச் சொல்லுக்குக் கூடுதல் அடையாளம் விழுவதால். எல்லாவற்றையும் கத்தினால் அந்த அனுகூலம் பெருமளவு கரைந்துபோகும், எதுவும் தனித்துத் தெரியாது. அதனால் பாடத்தை மௌனமாகப் படித்து, வரையறையும் சூத்திரமும் மட்டும் வாய்விட்டுச் சொல்வது நல்லது. புரிந்துகொள்ள மௌனம், உருப்போட வாய்.

#17 கொடை ஒலிப்பதிவர்

வாசகசாலை ஐயாவின் முதல் கேள்விக்குத் திரும்புவோம், நாவல் எத்தனை மணி நேரம்?

தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று மூன்று முழுப் பக்கம் எடுத்து எண்ணுங்கள். உரையாடல் நிறைந்த பக்கம் ஒன்றாவது இருக்கட்டும். சராசரி ஒரு பக்கத்துக்கு 790 புள்ளியில்லா எழுத்து வந்தால் 200 பக்கத்துக்கு 1,58,000. உங்கள் வாசிப்பாளர் மூச்சு, நிறுத்தம் எல்லாம் சேர்த்து நிமிடத்துக்கு 300 படித்தால் 527 நிமிடம், 8 மணி 47 நிமிடம். மௌனமாக ஒருவருக்கு 400 வந்தால் 395 நிமிடம். தினம் அரை மணி வைத்தால் இரண்டு வாரம். மாதக் கூட்டத்துக்குத் தாராளம். இந்த 300-ம் 400-ம் கணக்குக்காக நான் வைத்தவை, உங்கள் அளவு வந்ததும் மாற்றிக்கொள்ளுங்கள்.

527 நிமிட ஒலி என்றால் 527 நிமிட வேலை இல்லை. தடுமாறித் திரும்பப் படிப்பது, தண்ணீர் குடிப்பது, ஜீப் போகும் வரை காத்திருப்பது எல்லாம் சேர்ந்து ஒன்றுக்கு இரண்டு, மூன்று ஆகும். ஓர் அமர்வு 45 நிமிடத்துக்கு மேல் போனால் குரல் மங்கி வேகமும் இறங்கும். அமர்வுக்கு 20 நிமிடம் தேறினால் 27 அமர்வு. எடிட்டிங் தனி.

வாசிப்பாளர் முந்தின நாள் இரவே அடுத்த நாள் பகுதியை மௌனமாகப் படித்திருக்க வேண்டும். முதல் பார்வையிலேயே சத்தமாகப் படித்தால் கவனம் எல்லாம் உச்சரிப்பில் போய்விடும். கேள்வி வாக்கியம் என்பது தமிழில் பெரும்பாலும் கடைசி எழுத்தில்தான் தெரியும். "அவர் நேற்றே கிளம்பிவிட்டாரா" என்பதன் அந்தக் கடைசி "ரா"வை எதிர்பார்க்காமல் தொடங்கினால் தொனி தப்பிவிடும்.

மலைக்கே உரிய இரண்டு மூன்று விஷயம். தகரக் கூரை அறையில் மழைக்காலத்தில் பதிவு வைக்காதீர்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் நாள் முழுக்கத் தட்டும், உங்கள் கோத்தகிரிக்கு வடகிழக்கு. மழைச் சத்தத்துக்கு மேல் குரல் உயர்த்திப் படித்தால் வேகம் குறையும், தொண்டையும் போகும். எதிரொலியை அடக்க இரண்டு தடித்த கம்பளியை வாசிப்பாளருக்குப் பின்னாலும் பக்கவாட்டிலும் தொங்கவிட்டால் போதும், மலையில் கம்பளிக்குப் பஞ்சமா? மைக் வாயிலிருந்து ஒரு சாண், நேராக இல்லாமல் சற்று ஓரமாக. மார்கழிக் காலையில் அளக்கவும் வேண்டாம், பதியவும் வேண்டாம். உதடு விறைத்திருக்கும், ப, ம, வ மூன்றும் மழுங்கும். வெதுவெதுப்பான தண்ணீர், ஐந்து நிமிடம் வேறு எதையாவது சத்தமாகப் படித்துப் பழகுவது, அதற்குப் பிறகு ஸ்டாப்வாட்ச்.

#18 கோத்தகிரி வாசகசாலை

எல்லாம் குறித்துக்கொண்டேன். பத்தி இரண்டு, 1200 வீதம், குழு நான்கு, தனித்தனி அறை, கேள்வி ஆறு. கடைசியாக ஒரு சந்தேகம்: மங்கலான நாளில் 55, 60 வயதுக்காரர்களின் மௌன வேகம் குறைந்து வந்தால் அதை வாசிப்பு வேகம் என்று எடுக்கலாமா?

#19 கண் பரிசோதகர், குன்னூர்

எடுக்கக் கூடாது. நாற்பது தாண்டியவர்களிடம் படிக்கும் கண்ணாடி கொண்டுவரச் சொல்லுங்கள், வெள்ளெழுத்து இருந்தால் நீங்கள் அளப்பது கண்ணைத்தான். மூடுபனி நாளில் ஜன்னல் வெளிச்சத்தை நம்ப வேண்டாம், எல்லோருக்கும் ஒரே மேஜை விளக்கு, தாள் கண்ணிலிருந்து 40 சென்டிமீட்டர். ஒருவருக்கு மௌன வேகம் வாய்விட்டுப் படிக்கும் வேகத்தைவிடக் குறைந்து வந்தால் அதை எழுதி வைக்கும் முன் எழுத்தைப் பெரிதாக்கி, 18 புள்ளியில், வேறொரு பத்தியை இன்னொரு முறை கொடுத்துப் பாருங்கள்.

#20 எழுத்தெண்ணி

பத்திகளைத் தட்டச்சு செய்ததும் இங்கே ஒட்டுங்கள் ஐயா, எண்ணித் தருகிறேன். ஒளகாரத்தை மட்டும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

#21 சும்மா எட்டிப்பார்த்தவன்

சார், நீங்களே ஒ போட்டு ள போட்டிருக்கீங்க.